டவர் தேடி நடந்த நாட்கள்

தண்ணீருக்கு நடப்பது, விறகுக்கு நடப்பது, ரேஷனுக்கு நடப்பது – இதெல்லாம் எங்கள் கொல்லிமலைப் பெண்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ந் தேதி ஊரடங்கு வந்தது பாருங்கள், அதற்குப் பிறகு இன்னொன்றுக்கும் நடக்கக் கற்றுக்கொண்டோம். அது கண்ணுக்குத் தெரியாது, குடத்தில் பிடித்துவர முடியாது. பட்டணத்தில் அதை சிக்னல் என்பார்கள். எங்கள் ஊரில் 'டவர்' என்றால்தான் புரியும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் கொல்லிமலை. மலைமேல் 14 நாடுகள். அதில் ஒன்று எங்கள் திருப்புலி நாடு. மிளகும் காப்பியும் பலாவும் மரவள்ளியும் விளைகிற பூமி. வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். கம்பி வழியாக இன்டர்நெட் வருகிற வீடு எங்கள் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் செல்போனை நம்பித்தான். செல்போன் அலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறது. நடுவில் ஒரு குன்று நின்றால் அந்தப் பக்கத்து வீட்டுக்குச் சரியாக எட்டாது. அதனால்தான் எங்கள் முற்றத்தில் ஊமையாய்க் கிடக்கும் போன், மேலே பாறைக்குப் போனதும் பேச ஆரம்பிக்கும்.

ஒரு போன், இரண்டு பிள்ளைகள்

அப்போது என் மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு டச் போன். அதுவும் அவர் வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் கிளம்பிவிடும். 28 நாளைக்கு ரீசார்ஜ் ஏறக்குறைய 200 ரூபாய். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் தினக்கூலி 256 ரூபாய். ஒரு நாள் கூலியில் முக்கால் பங்கை போனுக்கே போட்டுவிட்டு, மீதியில் என்ன வாங்குவது, சொல்லுங்கள்?

காசைப் போட்டாலும் டவர் வேண்டுமே! அரசாங்கம் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் டவர் எட்டாத வீட்டில் அது, அடுப்பில்லாத வீட்டுக்கு அரிசி கொடுத்த கதை.

காலையில் அடுப்பு வேலையை முடித்துவிட்டு, பிள்ளைகளோடு நானும் பாறைக்குப் போவேன். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனசு வருமா? பக்கத்து வீட்டு அக்காவும் தன் பிள்ளைகளோடு வருவாள். அவர்கள் பாடம் கேட்க, நாங்கள் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "நம்ம காலத்துல மாடு மேய்க்கத்தான் இங்க வருவோம், இப்ப பள்ளிக்கூடமே இங்க வந்துடுச்சு பாரு" என்று அக்கா சிரிப்பாள்.

எங்களுக்கு மட்டுமா?

நாம்தான் மலையில் கிடந்து கஷ்டப்படுகிறோம் என்று நினைத்தேன். அப்படியில்லை. எங்கள் நாமக்கல் மாவட்டத்திலேயே, ராசிபுரம் பக்கம் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கவனித்த செய்தி 2021 ஜூலையில் வந்தது. பணக்கார நாடான அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊரில், இரண்டு சிறுமிகள் ஓர் உணவுக்கடை வாசலில் தரையில் உட்கார்ந்து அந்தக் கடையின் வைஃபையில் பாடம் படித்த படம் 2020 ஆகஸ்டில் பத்திரிகைகளில் வெளியானது. உலகத்தில் 3 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வீட்டில் இன்டர்நெட் இல்லை என்று யுனிசெஃப் அந்த டிசம்பரில் சொன்னது. நம் நாட்டில் 2017-18ல் எடுத்த அரசுக் கணக்குப்படி, கிராமத்தில் 100 வீட்டில் 15 வீட்டுக்குத்தான் அந்த வசதி.

நாங்கள் கண்ட வழிகள்

தண்ணீர் பஞ்சத்தில் நாம் என்ன செய்வோம்? கிடைக்கிற இடத்தில் பிடித்து, வீட்டில் சேர்த்து வைத்து, பங்கிட்டுக் குடிப்போம். இதிலும் அதே முறைதான்.

நேரடி வகுப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், ஆசிரியரிடம் பாடத்தை ஒலியாகவும் படமாகவும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்டோம். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு அரை ஜிபிக்குமேல் தின்றுவிடும். பேச்சு மட்டும் என்றால் அதில் சிறு பங்குதான் செலவு. டவர் மெலிந்திருந்தாலும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

கூட்டம் குறைந்த விடிகாலையில் பாறைக்குப் போய் வீடியோக்களை இறக்கி வைத்துக்கொள்வோம். ஒருத்தி இறக்கியதை மெமரி கார்டிலும் ப்ளூடூத்திலும் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு டேட்டாவும் வேண்டாம், டவரும் வேண்டாம்.

டவர் இல்லாத இடத்தில் போன் ஓயாமல் தேடிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். வீட்டுக்கு வந்ததும் 'விமானம்' போட்ட பொத்தானை அழுத்தி வையுங்கள், சார்ஜ் நிற்கும்.

பிளஸ் டூ பிள்ளைகளின் அரசு லேப்டாப்பில் பாட வீடியோக்களைப் பதிந்து கொடுக்கும் திட்டம் 2020 ஜூலையில் வந்தது. இன்டர்நெட்டே தேவைப்படாத ஏற்பாடு! 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் பார்க்க முடிந்த வீடுகளுக்கு உதவியாக இருந்தது. கரண்ட் போனால் பாடமும் போய்விடும் என்பதுதான் குறை.

உடம்பையும் கவனியுங்கள்

டவர் கிடைப்பது உயரத்தில். இடி விழுவதும் உயரத்தில்! மேகம் கறுத்தால், பாதி வகுப்பானாலும் சரி, பிள்ளைகளைப் பாறையிலிருந்தும் மரத்திலிருந்தும் இறக்கிக் கெட்டியான கட்டிடத்துக்குள் கூட்டிப் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை போனை விட்டுக் கண்ணை எடுத்து, 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் திரை மங்கலாகத் தெரியும்; துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

போன் யார் கையில்?

ஒரு வீட்டில் ஒரு போன் இருந்தால் அது யாருக்கு? பையனுக்கு! பல வீடுகளில் இதுதான் நடந்தது. என் மகளின் சினேகிதி ஒருத்திக்கு வயசு 16. "படிப்புதான் நின்னு போச்சே, நல்ல இடம் வந்திருக்கு" என்று அவள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். நானும் அக்காவும் போய், "இன்னும் 18 ஆகல, சட்டம் ஒத்துக்காது. பாடத்தை நாங்க கொண்டுவந்து தர்றோம் சின்னம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிப் பார்த்தோம். ஒரு நாளில் கேட்கவில்லை. மூன்று நாலு தரம் நடந்தோம். அதன்பின் சாயங்காலந்தோறும் மெமரி கார்டு அந்த வீட்டுக்குப் போனது. 2021 ஜனவரி 19ந் தேதி பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் பள்ளி திறந்தபோது அவளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அதே வகுப்பில் இன்னொரு பெண், திருப்பூருக்கு வேலைக்குப் போனவள், திரும்பவில்லை. கெட்டிக்காரப் பெண். அவள் வீட்டுக்கு டவர் எட்டவில்லை, நாங்களும் எட்டவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் சகோதரிகளே, இன்டர்நெட் ஆடம்பரம் அல்ல. ரேஷன், பென்ஷன், ஸ்காலர்ஷிப் என்று எத்தனையோ காரியம் இப்போது அதன் வழியாகத்தான் நடக்கிறது. செல்போன் வசதி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் நம் ஊர் இருக்கிறதா என்று யார் கேட்பது? குழாய் வராவிட்டால் காலிக் குடத்தோடு போய் நிற்கிறோம் அல்லவா? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதையும் கேளுங்கள். ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ சாயங்காலம் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் உட்கார்ந்து படிக்க, இன்டர்நெட்டோடு ஓர் அறை கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.