மகள் மலையேறக் கேட்டால்

வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் பத்து வயதுவரை துவிச்சக்கரவண்டி ஓட்டிய பெண்பிள்ளை, பன்னிரண்டு வயதில் இறங்கிவிடுகிறாள். வண்டி தம்பிக்குப் போகும். தம்பி இல்லாவிட்டால் மாடிப்படியின் கீழ் துருப்பிடிக்கும். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது கொழும்பில் பல வீடுகள் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தன. வரிசை கலைந்ததும் அது மூலைக்கே திரும்பியது.

அந்த மகள், "உம்மா, மலையில் சைக்கிள் ஓட்டப் போகட்டுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உடனே மறுக்காதீர்கள். கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

ஹவாய்த் தீவுகளில் ஹலேயாகாலா என்னும் எரிமலை மீது, கடற்கரையிலிருந்து 3055 மீற்றர் உயரம்வரை சைக்கிளில் ஏறுகிறார்கள். நம் நாட்டில் எரிமலை இல்லை. ஆனால் ஏறுவதற்கு மலையகம் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாப் பக்கம் முடியும் 'பீக்கோ டிரெயில்' 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 300 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட நீளம், 22 கட்டங்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகலாம். ஆனால் எல்லாக் கட்டமும் சக்கரத்துக்கு ஏற்றதல்ல. படிக்கட்டும் கற்குவியலும் வரும் இடங்களில் வண்டியைத் தோளில் தூக்கத்தான் வேண்டும்.

இந்தப் பாதையை யாரும் உல்லாசப் பயணத்துக்காக வெட்டவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்தத் தோட்டமும் இந்த வழியில்தான் இருக்கிறது. மலையெங்கும் தோட்டங்கள் பெருகியபோது, தேயிலையை இறக்கப் போட்ட வண்டிப் பாதைகளும், கூடை சுமந்த பெண்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடித் தடங்களும்தான் இன்று நாம் ரசிக்கும் வழி. அவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தவர்கள். ஆகவே லயன் வீடுகளின் முன்னால் வேகமாகப் போக வேண்டாம். இறங்கி வண்டியைத் தள்ளுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வெளிநாட்டுக்காரருக்குக் கிடைக்காத வசதி ஒன்று நம் பிள்ளைகளுக்கு உண்டு: கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் தமிழிலேயே வழி கேட்கலாம். வரைபடத்தைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

ஏற்றம் என்றாலே பலம் வேண்டும் என்று நினைக்கிறோம். பலத்தைவிடப் பழக்கம்தான் வேண்டும். மேடு தொடங்குவதற்கு முன்பே கியரை இலேசாக்கிவிட வேண்டும். பாதி மேட்டில் மாற்றினால் சங்கிலி இறுகும், சிலவேளை கழன்றுவிடும். ஆசனத்தை விட்டு எழாமல் நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் முன்சக்கரம் தூக்காது, பின்சக்கரமும் வழுக்காது. கண் சக்கரத்தில் அல்ல, நாலைந்து யார் முன்னால் இருக்கட்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் இறங்கி நடக்கலாம். அதில் வெட்கம் என்ன? இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரிடும். இரண்டையும் சேர்த்து, மெதுவாகப் பிடிக்கப் பழக்குங்கள்.

உடுப்பு விஷயம் உங்கள் மனதில் ஓடும். நீண்ட அபாயாவின் ஓரம் சங்கிலியில் சிக்கும், அது உண்மையிலேயே ஆபத்து. தளர்வான சல்வாரைக் கணுக்காலில் பட்டியால் கட்டி, முழங்கால்வரை வரும் மேலாடை அணிந்தால் போதும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தி ஹிஜாப் கட்டுங்கள், ஊசி வேண்டாம். தனியே அனுப்பாமல் வாப்பாவோ நானாவோ கூடப் போகலாம். ஏன், நீங்களே போகலாமே!

மே முதல் செப்டெம்பர்வரை ஹட்டன் பக்கம் மழை; அப்போது அப்புத்தளை, எல்ல பக்கம் பரவாயில்லை. ஈரக் காலத்தில் அட்டை வரும், சவர்க்காரம் தேய்த்த காலுறை உதவும். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியது. எந்தக் கட்டம் திறந்திருக்கிறது என்று கேட்டறியாமல் புறப்படாதீர்கள்.

பழகுவதற்கு மரைன் டிரைவே போதும். ஸுபஹுத் தொழுத பின் வாகனம் குறைவு. அங்கே மேடு இல்லைதான். கடற்காற்று எதிர்த்து வீசும் காலைகளில் கியர் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.