இடுப்பு வலி: ஒரு சொல்லும் இரு துயரங்களும்

‘இடுப்பு வலி கண்டுவிட்டது’ என்று ஒரு வீட்டில் குரல் எழுந்தால் அதன் பொருள் தெருவுக்கே தெரியும். பிள்ளை பிறக்கும் நேரம் வந்துவிட்டது என்பதே அது. இச்சொல் பேறுகால வலிக்கே உரியதாகிவிட்டமையால், கருவுற்ற ஐந்தாம் ஆறாம் திங்களிலேயே இடுப்பெலும்பின் பொருத்துகளில் தோன்றும் வேறொரு வலிக்கு நம் வழக்கில் தனிப்பெயர் இல்லாது போயிற்று. சூல், நிறைசூல், மசக்கை, வயா எனக் கருவுற்றாளின் நிலைகளை நுணுகி நோக்கிப் பெயரிட்ட மொழி இவ்வொன்றை எவ்வாறு விட்டது என்பது வியப்பே. பெயரில்லாத துன்பத்தைச் சொல்வதும் அரிது. பிறர் நம்புவதும் அரிது.

இதனை நாம் நூலில் கற்கவில்லை. நம் தங்கை மகள் கருவுற்றிருந்த ஆறாம் திங்களில் ஓரிரவு படுக்கையில் புரண்டவள், “உம்மா, இடுப்பு வலிக்குது” என்று அலறினாள். ஆட்டோ வந்தது, மருத்துவமனைக்கு விரைந்தோம். பிரசவ வலி அன்று, வாயுவாக இருக்கலாம் என்று கூறி அங்கு அனுப்பிவைத்தனர். வீடு திரும்பியதும் நன்னி, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை எங்கே இருக்கு?” என்றார். சிரித்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. அதன்பின் அப்பெண் வலியைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஒருநாள் மாடிப்படியின் நடுவே சுவரைப் பற்றிக்கொண்டு, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் அமர்ந்திருந்தவளைக் கண்ட பிறகே வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அம்மருத்துவர் முன்புற எலும்பின்மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தினார், அவள் துடித்தாள். “வலி இருக்கிறது, கற்பனை இல்லை” என்று மருத்துவர் சொன்னபோது அவள் அழுதது வலியினால் மட்டும் அன்று என்றே எண்ணுகிறோம்.

இடுப்பு ஓர் எலும்பு வளையம். அதன் பின்புறத்தில், முதுகெலும்பின் அடியிலுள்ள திரிகவெலும்பு இருபுறமும் இடுப்பெலும்புகளோடு பொருந்துகிறது. முன்புறத்தில் பூப்பெலும்புகள் இரண்டும் ஒரு குருத்தெலும்புத் தட்டினால் இணைகின்றன. இம்மூன்று பொருத்துகளும் வலிய நாண்களால் கட்டுண்டவை. மிகச் சிறிதே அசைபவை. கருவுற்ற காலத்தில் உடலில் சுரக்கும் இயக்குநீர்கள் இந்நாண்களைத் தளர்த்துகின்றன. இத்தகைய நீர் ஒன்றின் செயலை 1926-ஆம் ஆண்டில் பிரெடரிக் ஹிசா என்னும் அமெரிக்க அறிஞர் கினிப்பன்றிகளிடம் ஆராய்ந்து வெளியிட்டார்; அதுவே பின்னர் ரிலாக்சின் எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 4 அல்லது 5 மில்லிமீட்டராக உள்ள முன்புற இடைவெளி, கருவுற்றாளிடம் மேலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் விரிவது இயல்பு. ஆயினும் தளர்ச்சி ஒன்றே வலிக்குக் காரணம் என்பதற்கில்லை. மூன்று பொருத்துகளும் ஒத்து அசையாமை, வளரும் வயிற்றின் பாரம், நடையும் நிலையும் மாறுதல், முன்னரே இடுப்பில் அடிபட்டிருத்தல் ஆகியனவும் சேர்கின்றன.

கருவுற்றோரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர்க்கு இவ்வலி வருகிறது என்பர். 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐரோப்பிய மருத்துவ நெறிமுறையும் இவ்வளவே கூறுகிறது. வலி முன்னெலும்பின்மேலோ, கீழ்முதுகின் ஒருபுறத்திலோ, தொடையின் உட்புறத்திலோ தோன்றும். நடக்கையில், படியேறுகையில், ஒற்றைக்காலில் நிற்கையில், படுக்கையில் புரள்கையில் மிகும். சிலர்க்கு ‘களுக்’கென்ற ஓசையும் உண்டு. கருவிலுள்ள குழந்தைக்கு இதனால் தீங்கில்லை. தாய்க்கோ நாள் முழுதும் தீங்குதான்.

தணிக்கும் வழிகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கால்கள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று அகலும் அசைவும், ஒரு காலில் மட்டும் பாரம் ஏறும் அசைவுமே வலியைக் கிளறுவன என்பதை நினைவிற் கொண்டால் எஞ்சியவை தாமே விளங்கும். பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து மடித்து, தோளும் இடுப்பும் ஒருங்கே திரும்ப வேண்டும். பாவாடையையோ சல்வாரையோ நின்றுகொண்டு அணியாமல் அமர்ந்து அணிவது நன்று. காரிலோ ஆட்டோவிலோ முதலில் அமர்ந்து, பின்னர் இரு கால்களையும் ஒருசேர உள்ளே இழுத்துக்கொள்ளலாம். படியில் ஏறும்போது வலி குறைந்த காலையும் இறங்கும்போது வலி மிகுந்த காலையும் முன்வைத்து, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றுதல் வேண்டும். தண்ணீர்க்குடத்தையும் மூத்த பிள்ளையையும் ஒருபக்க இடுப்பில் சுமப்பதை அறவே விடுதல் வேண்டும். சம்மணமிட்டு அமர்வதும் குத்துக்காலிட்டுத் துணி துவைப்பதும் வலியை மிகுவித்தால் நாற்காலியையும் முக்காலியையும் நாடலாம்.

குனிந்து பெருக்கினால் பேறு எளிதாகும் என்பது மூத்தோர் வாக்கு. வலியில்லாத பெண்ணுக்கு உடல் உழைப்பு நல்லதே. இவ்வலி கண்டவளுக்கு அவ்வறிவுரை பொருந்தாது. தொழுகையிலும், ஸஜ்தாவிலிருந்து எழும் அசைவு சிலர்க்குத் தாங்கொணா வலி தரும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், குனிய இயலாதவர் சைகையாலும் தொழலாம் என்ற சலுகை மார்க்கத்தில் தெளிவாகவே உள்ளது. முதியவர் நாற்காலியில் அமர்ந்து தொழுவதை ஏற்கும் வீடு, இளம்பெண் அவ்வாறு அமர்ந்தால் புருவத்தை உயர்த்துவது ஏனோ!

வீட்டு வழிகளால் தணியாதபோது இயன்முறை மருத்துவரை நாடலாம். இடுப்பு, வயிறு, இடுப்படித் தசைகளை வலுவூட்டும் பயிற்சிகளை அவர் கற்பிப்பார். இடுப்புப் பட்டையும் சிலர்க்கு உதவும். கடுமையான நிலையில் ஊன்றுகோலும் வேண்டப்படலாம். வலிமாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குதல் தகாது. ஐபுப்ரோஃபென் போன்றவற்றை 20 வாரத்துக்குப் பின் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்து ஆணையம் 2020-இல் எச்சரித்துள்ளது. இவ்வலி இருப்பதாலேயே அறுவைப் பேறு வேண்டுவதில்லை. பெரும்பாலோர் இயல்பாகவே ஈனுகின்றனர். ஆனால் மல்லாந்து படுத்த நிலையில் முழங்கால்கள் வலியின்றி எவ்வளவு அகலும் என்பதை முன்னரே நாடாவால் அளந்து, பேறு பார்ப்போரிடம் சொல்லிவைத்தல் வேண்டும். முதுகில் மரப்பூசி போட்டபின் வலி தெரியாதாகையால் அவ்வளவு மீறப்படலாம். பேறு முடிந்து சில வாரங்களிலோ திங்களிலோ பெரும்பாலோர்க்கு வலி நீங்கும். சிலர்க்கு நீடித்தால் மீண்டும் மருத்துவம் வேண்டும்.

எல்லா வலியையும் இவ்வகையில் அடக்கிவிடவும் கூடாது. குருதிப்போக்கு, நீர் வெளியேறுதல், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் பொழுது பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் தங்கை வீட்டில் இப்போது இதற்குப் ‘பொருத்து வலி’ என்று பெயர். யார் முதலில் சொன்னது என்பது தெரியவில்லை. நன்னியின் வாயிலேயே அது வழங்கியது. அச்சொல் வந்தபின் மாடியிலிருந்த கட்டில் கீழே இறங்கியது. குடம் சுமப்பது தம்பியின் வேலையாயிற்று. நிறைதிங்களில் ஒரு விடியலில் அப்பெண் தாயை எழுப்பி, “உம்மா, இது பொருத்து வலி இல்ல, இடுப்பு வலி” என்றாள். நன்னிதான் முதலில் எழுந்து ஆட்டோவுக்கு ஆளனுப்பினார்.