ரீடிங் எடுத்த தேதியைப் பாருங்கள்

கரண்ட் பில் எகிறினால் எல்லோரும் யூனிட்டைத்தான் பார்க்கிறோம். ரீடிங் எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த வீட்டுக் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய் வந்தது. 510 ஓடினால் 2,030. கூடுதல் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலையும் பறிபோவதுதான் காரணம்.

ஏப்ரல் 7-ல் ரீடிங் எடுத்த வீட்டுக்கு, ஜூன் 6-ல் வரவேண்டிய கணக்கீட்டாளர் 13-ல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 67 நாளில் 540 யூனிட். அதே வேகத்தில் 60 நாளுக்குக் கணக்கிட்டால் சுமார் 484தான். நாட்களுக்கு ஏற்பப் பிரிக்காமல் பில் போட்டிருந்தால், தாமதத்தின் விலையை நீங்கள் கட்டுகிறீர்கள்.

இதை ஒரே பார்வையில் காட்ட வரைபடம் உதவும். ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையிலும் பழைய பில்களிலும் உள்ள தேதிகளையும் ரீடிங்குகளையும் ஒரு கோப்பில் ஏற்றி, பைத்தானின் மாட்பிளாட்லிப்பில் வரையச் சில வரி நிரல் போதும். காசும் கிடையாது. ஆனால் தேதியை வெறும் எழுத்தாகக் கொடுத்துவிட்டால் அது பெயர்ப்பட்டியல் போல எல்லாவற்றையும் சம இடைவெளியில் நிறுத்திவிடும். 60 நாளும் 67 நாளும் ஒரே அகலம். நீங்கள் சுட்டிக்காட்ட வந்த தாமதமே படத்தில் இருக்காது. எனவே பைத்தானின் பாண்டாஸ் நூலகம் மூலம் முதலில் உண்மையான தேதியாக மாற்றுங்கள்.

அங்கேதான் அடுத்த பள்ளம். 07/04 என்பது நமக்கு ஏப்ரல் 7. பாண்டாஸ் அமெரிக்க வழக்கப்படி அதை ஜூலை 4 என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் 13/06 வந்தால் பதிமூன்றாவது மாதம் இல்லாததால் புதிய பதிப்புகள் பிழை காட்டி நின்றுவிடும், அதுகூட நல்லதுதான். எல்லாத் தேதியும் 12-க்குள் இருந்தால் சத்தமில்லாமல் மாறிப்போகும். நாள் முதலில் வருகிறது என்று நிரலில் சொல்லிவிடுங்கள். மொத்த யூனிட்டை வரையாமல், இடைப்பட்ட நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று வரைவதே நேர்மையான படம். கதவு பூட்டியிருந்து சராசரி போட்ட மாதங்களை வேறு நிறத்தில் காட்டுங்கள். அதை மறைத்தால் புகாரைப் பார்க்கும் அதிகாரி முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக இருந்தால் இணைப்பு எண்ணை அழித்துவிடுங்கள். ஸ்மார்ட் மீட்டரின் மணிவாரித் தரவு என்றால் போடவே வேண்டாம். வீட்டில் ஆளில்லாத நேரம் அதில் அப்பட்டமாகத் தெரியும்.

புகாரை எழுத்தில் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். படத்தோடு தேதி, ரீடிங் அட்டவணையும் பில் நகல்களும் இருக்கட்டும். படம் மட்டும் சாட்சியாகாது. நாள் சராசரியே திடீரென ஏறியிருந்தால் பிரச்சினை தேதியில் இல்லை, மீட்டரைச் சோதிக்க விண்ணப்பியுங்கள். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின்சாரக் குறைதீர்ப்பாளர். இரண்டுக்கும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-வது பிரிவில் இடமிருக்கிறது.

புகார் நிலுவையில் இருக்கும்போது இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்று பயந்தே பலர் வாயை மூடிக்கொண்டு கட்டிவிடுகிறார்கள். சட்டத்தின் 56-வது பிரிவு அதற்கும் வழி சொல்கிறது. துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு கட்டாயம். கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்பதைக் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள்.