குறைமாதக் குழந்தையும் 5 லட்சம் பாலிசியும்: ஹெச்ஆர்கிட்ட இப்பவே கேட்க வேண்டிய 3 கேள்விகள்

வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ. தலைப்பிரசவத்துக்கு மனைவி போடிநாயக்கனூர்ல அம்மா வீட்டுக்கு. நம்ம தேனி மாவட்டத்துப் பசங்க நிறைய பேருக்கு இதுதான் நடைமுறை. வளைகாப்பு முடிஞ்சு அனுப்பி வைக்கும்போது, "கம்பெனி இன்சூரன்ஸ் 5 லட்சம் இருக்கு, பார்த்துக்கலாம்"னு ஒரு தைரியம் இருக்கும்.

அந்த 5 லட்சத்துல குழந்தைக்கு எவ்வளவு? இதைத்தான் யாரும் கேட்கிறதில்லை.

இது ஒரே பில் இல்லை, மீட்டர்

37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறந்தா குறைமாதம். 30 வாரத்துல பிறந்த குழந்தைக்கு மூச்சு விடுறது, பால் குடிக்கிறது, உடம்புச் சூட்டைக் காப்பாத்திக்கிறது எல்லாத்துக்குமே உதவி வேணும். இப்படிப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும், டாக்டர் முதல்ல குறிச்சுக் கொடுத்த பிரசவத் தேதியை ஒட்டித்தான் வீட்டுக்கு வரும். அதாவது பல வாரங்கள். அம்மா டிஸ்சார்ஜ் ஆன பிறகும் குழந்தையோட பில் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் என்ஐசியுவில் ஒரு நாளைக்கு 15,000 ரூபாய், 40 நாள்னு வச்சுக்கோங்க. மொத்தம் 6 லட்சம். பாலிசியோட முழுத் தொகையும் குழந்தைக்குக் கிடைச்சா, உங்க கையிலிருந்து 1 லட்சம். ஆனா சில குரூப் பாலிசிகளில் பச்சிளங்குழந்தையோட செலவு மகப்பேறு வரம்புக்குள்ளேயே அடங்கிடும். அந்த வரம்பு 50,000 ரூபாய்னா, நீங்க கட்ட வேண்டியது ஐந்தரை லட்சம். ஒரே கம்பெனி, ஒரே 5 லட்சம் பாலிசி. வித்தியாசம் ஒரு வரியில இருக்கு.

மூன்று கேள்விகள்

1. குழந்தைக்குப் பிறந்த முதல் நாளிலிருந்தே கவர் உண்டா? தனிநபர் பாலிசிகள் பலவற்றில் 90 நாள் கழிச்சுத்தான் குழந்தையைச் சேர்க்க முடியும்.

2. முழுக் காப்பீட்டுத் தொகையும் குழந்தைக்குக் கிடைக்குமா, இல்லை மகப்பேறு வரம்போட நின்னுடுமா?

3. எத்தனை நாளுக்குள்ள குழந்தையைப் பாலிசியில் சேர்க்கணும்? பேர் வைக்கலையேன்னு காத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரி ரெக்கார்டில் அம்மா பேரை வச்சுத்தான் குழந்தை பதிவாகியிருக்கும். அதை வச்சே சேர்க்க முடியுமான்னு கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கோங்க.

பில்லில் பார்க்க வேண்டியது இரண்டு. ஐசியு கட்டணத்துல ரூம் வாடகை விகிதத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கழிக்கக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிடுச்சு. நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள அறைகளுக்கு 2022 ஜூலையில் 5% ஜிஎஸ்டி வந்தப்பவும், என்ஐசியுவுக்கு விலக்கு கொடுத்துட்டாங்க.

மலையிலிருந்து கீழே

போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டப் பக்கம் வீடு இருந்தா, ஏழாம் மாசத்துக்கு முன்னாடியே எந்த ஆஸ்பத்திரின்னு முடிவு பண்ணிடுங்க. முன்கூட்டியே வலி வந்தா, டாக்டர் சரின்னு சொல்ற பட்சத்தில், பிரசவத்துக்கு முன்பே தாயை என்ஐசியு உள்ள இடத்துக்குக் கொண்டு போறதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு. பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் கொண்டு போறது அடுத்த வழிதான்.

மதுரை போடியிலிருந்து சுமார் 90 கி.மீ. அதைவிடப் பக்கத்தில், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. 2011-ல் தொடங்கின மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, உடம்பு சரியில்லாத குழந்தைக்கு ஒரு வயசு வரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, போக்குவரத்து எல்லாம் இலவசம். சம்பளம் எவ்வளவுன்னு கேட்க மாட்டாங்க. "இலவசம்னா தரமா இருக்குமா?"ன்னு சொந்தக்காரங்க சொல்றதை வச்சு முடிவெடுக்காதீங்க. இந்தக் குழந்தைக்குத் தேவையான வசதி இங்கே இருக்கா, இடம் இருக்கான்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் உறவினர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைச் சொல்லுங்க. வருஷத்துக்கு 5 லட்சம் வரை கவர் உண்டு.

லீவும் பணமும்

வேலை பார்க்கும் அம்மாவுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. இது தெரியும். குறைப்பிரசவத்தால் உடல்நலம் பாதிக்கப்பட்டா, மருத்துவச் சான்றோட மேலும் ஒரு மாசம் வரை சம்பளத்தோட லீவு கேட்க சட்டத்தில் இடம் இருக்கு. இது பலருக்குத் தெரியாது. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அதனால உங்க லீவை முதல் வாரத்திலேயே தீர்த்துடாதீங்க. குழந்தை வீட்டுக்கு வரும் வாரத்துக்கும் மிச்சம் வைங்க.

பணத்துக்கு முதலில் அவசர நிதி. அடுத்து இபிஎஃப்: மருத்துவத்துக்கு எடுத்தா திருப்பிக் கட்ட வேண்டாம். அப்புறம் நகைக்கடன். கிரெடிட் கார்டும் பர்சனல் லோனும் கடைசி.

ஏலக்காய் வித்த காசை மாமா ரொக்கமா கடன் கொடுக்க வந்தாலும், பேங்க் மூலமா வாங்குங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலோ ரொக்கமா கடன் வாங்கினா, வாங்கினவர் மேல அதே அளவு அபராதம் போட வருமானவரிச் சட்டத்தில் வழி இருக்கு.

டிஸ்சார்ஜோட முடியாது

34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, 4 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை பண்ணணும். ரொம்பச் சீக்கிரம் பிறந்திருந்தா அதுக்கும் முன்னாடியே. தள்ளிப்போட்டா பார்வையே போகக்கூடும். புறநோயாளிச் செலவைப் பல பாலிசிகள் தராது. அதனால கையிருப்பில் ஒரு தொகையை இதுக்குன்னு தனியா ஒதுக்குங்க.

என்ஐசியு வாசலில் நிக்கும்போது பாலிசி படிக்கிற மனநிலை யாருக்கும் இருக்காது. அந்த மூணு கேள்வியையும் இன்னைக்கே ஹெச்ஆருக்கு மெயில் பண்ணுங்க. வர்ற பதிலை மனைவிக்கும் மாமனாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நிக்கப்போறது நீங்க இல்லை, அவங்கதான்.