முதல் ஸீட் தோற்றால் அது அதிர்ச்சியா?

ஜூனியர் நேஷனல்ஸ் நடக்கிற வாரத்தில் விளையாட்டுச் செய்திகளைப் பார்த்தால் தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "முதல் ஸீட் அதிர்ச்சித் தோல்வி", "ஸீட் இல்லாத வீராங்கனை அரையிறுதியில்". வருஷா வருஷம் நடக்கிற ஒன்றை எப்படி அதிர்ச்சி என்று சொல்வது? இந்தக் கேள்வியோடு உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ப்ளஸ் டூ நிகழ்தகவு போதும், பயப்பட வேண்டாம்.

முதலில் ஸீட் என்றால் என்ன? நல்ல ஆட்டக்காரர்கள் முதல் சுற்றிலேயே மோதிக்கொள்ளக் கூடாது என்று, டிராவில் அவர்களை விதை தூவுகிற மாதிரி தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். அதனால் ஸீட். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களைக் கேட்டால் "தெத் த செரி" என்பார்கள், வரிசையின் தலை என்று அர்த்தம். எனக்கு ஆங்கில வார்த்தைதான் பொருத்தமாகப் படுகிறது. தலை என்றால் முடிவு செய்தாகிவிட்டது. விதை என்றால் முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம்.

இப்போது கணக்கு. நூறு பாயிண்ட் ஆடினால் 55 பாயிண்ட் ஜெயிக்கிற ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். ஸர்வ் யார் போட்டாலும் இதே விகிதம் என்று எளிமைப்படுத்திக்கொள்கிறேன். அவன் ஒரு கேமை ஜெயிக்கும் வாய்ப்பு 62 சதவீதம். ஒரு செட்டை ஜெயிக்க 81 சதவீதம். மூன்று செட் ஆட்டத்தை ஜெயிக்க 91 சதவீதம். டென்னிஸின் ஸ்கோர் முறை சின்ன வித்தியாசத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

91 என்றால் ஏறக்குறைய நிச்சயம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் 32 பேர் டிராவில் பட்டம் வாங்க ஐந்து ஆட்டம் வரிசையாக ஜெயிக்கணும். ஒவ்வொன்றிலும் 91 சதவீதம் என்று வைத்தாலும், ஐந்தையும் பெருக்கினால் 62 சதவீதம்தான் வரும். இன்னொரு கணக்கு: எட்டு ஸீட்களுக்கும் முதல் சுற்றில் இதே 91 இருந்தால், எட்டு பேருமே தப்பிக்கும் வாய்ப்பு 47 சதவீதம். அதாவது யாராவது ஒரு ஸீட் முதல் சுற்றிலேயே விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எல்லா ஸீட்களும் ஒழுங்காகக் காலிறுதிக்கு வந்தால், அதற்குத்தான் "அதிர்ச்சி" என்று தலைப்புப் போடணும்.

வித்தியாசம் இன்னும் குறைந்தால்? நூற்றுக்கு 51 பாயிண்ட் ஜெயிப்பவன் ஆட்டத்தை ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 61 சதவீதம். பத்து முறை மோதினால் நான்கு முறை "கீழே இருப்பவன்" ஜெயிப்பான். ஆட்ட முறையும் ஒரு காரணம். நேரம் மிச்சம் பிடிக்க, பல போட்டிகளில் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்து பாயிண்ட் டைபிரேக் வைக்கிறார்கள். நம் 55 சதவீதப் பையனுக்கு முழு செட்டில் 81 சதவீதம் இருந்த வாய்ப்பு, அந்த டைபிரேக்கில் 68 ஆக இறங்கிவிடுகிறது. ஆட்டம் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். அவ்ளோதான்.

இது எல்லா டென்னிஸுக்கும் பொருந்தும். ஜூனியர்களுக்கு இதற்கு மேலும் சில காரணங்கள் உண்டு.

ஒன்று, உடம்பு. ஒரே வருஷத்தில் எட்டு, பத்து சென்டிமீட்டர் வளர்கிற வயசு அது. ஜனவரியில் உங்கள் பையனிடம் 6-1, 6-1 என்று தோற்றவன், நவம்பரில் தலைக்கு மேலிருந்து ஸர்வ் போடுவான். தரவரிசை போன மாதங்களின் பலத்தைச் சொல்கிறதே தவிர, இன்றைய உயரத்தைச் சொல்வதில்லை. சர்வதேச ஜூனியர் போட்டிகளில் வயதைப் பிறந்த வருஷத்தை வைத்துப் பார்க்கிறார்கள். அதனால் ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே வயசு. பதின்மூன்று வயதில் பதினோரு மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

இரண்டு, பணம். தரவரிசைப் புள்ளிகள் போட்டிக்குப் போனால்தான் கிடைக்கும். புதுச்சேரி மாதிரி சின்ன ஊர்ப் பிள்ளை சென்னை, பெங்களூரு, டெல்லி என்று அலையணும். கூட அப்பாவோ அம்மாவோ லீவு போட்டுப் போகணும். ரயில், ரூம், சாப்பாடு, பயிற்சியாளர் செலவு. போக முடியாத பிள்ளைக்குத் தரவரிசை இருக்காது, ஆட்டம் இருக்கும். 2025 பிப்ரவரியில் மும்பை ஓபன் போட்டியில் கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் ரேவதி, 15 வயதில், தகுதிச்சுற்றிலிருந்து ஆடி அரையிறுதி வரை வந்தார். ஜில் டைக்மானிடம்தான் தோற்றார். அந்த மட்டத்துப் போட்டிகளில் அதுவரை அதிகம் ஆடாதவருக்கு அங்கே தரவரிசை எப்படி இருக்கும்? எண் இல்லை என்றால் திறமை இல்லை என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவின் 18 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டி மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில் நடக்கும். 1987-ல் அதை ஜெயித்தவர் மைக்கேல் சாங். வயது 15! அந்த வருஷமே யு.எஸ். ஓபனில் ஒரு ஆட்டம் ஜெயித்தார், இரண்டே வருஷத்தில் பிரெஞ்சு ஓபன் சாம்பியன். இதைப் படித்ததும் "பார்த்தியா, சின்ன வயசுலயே தெரிஞ்சிடும்" என்று தோன்றும். பொறுங்கள். அதே தலைமுறையைச் சேர்ந்த பீட் சாம்ப்ராஸ் 14 வயதில் இரண்டு கை பேக்ஹேண்டை விட்டு ஒரு கைக்கு மாறினார். முன்பு எளிதாக ஜெயித்த பையன்களிடமே கொஞ்ச காலம் தோற்றார். 19 வயதில் யு.எஸ். ஓபன், மொத்தம் 14 கிராண்ட் ஸ்லாம்.

நம் பக்கமும் உதாரணம் உண்டு. 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் இறுதிப் போட்டியில் ராமநாதன் கிருஷ்ணன் ஆஷ்லி கூப்பரை ஜெயித்தார். நான்கு வருஷம் கழித்து, 1958-ல், பெரியவர்கள் விம்பிள்டனை வென்றது கூப்பர். கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் 1979-ல் பிரெஞ்சு, விம்பிள்டன் இரண்டு ஜூனியர் பட்டங்களையும் வாங்கியவர். பெரியவர்கள் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 23. உலகத்தில் 23-வது ஆள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் ஜூனியர் பட்டத்தை வைத்து அந்த எண்ணை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் ஒரே ஒரு தோல்வியை வைத்துப் பெரிய முடிவுகள் எடுக்கிறோம். ஸீட் இல்லாத பிள்ளையிடம் தோற்றுவிட்டாள், போதும், நீட் கோச்சிங்கில் சேர்த்துவிடலாம். இல்லை, பெரிய ஸீடை ஜெயித்துவிட்டான், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாம். இரண்டுமே ஆபத்து. ஒரு ஆட்டத்தில் சுமார் 120 பாயிண்ட் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுத் தரவில் நாலரை சதவீதம் இப்படியோ அப்படியோ தற்செயலாகவே ஆடும். 51 சதவீதப் பிள்ளையையும் 55 சதவீதப் பிள்ளையையும் ஒரு ஆட்டத்தை வைத்துப் பிரித்துச் சொல்லவே முடியாது. பதினைந்து ஆட்டம் சேர்ந்தால் அந்த ஆட்டம் ஒன்றே கால் சதவீதத்துக்குள் அடங்கும். அப்போதுதான் பேச ஏதாவது இருக்கும்.

அதனால் கேலரியில் உட்காரும் பெற்றோருக்கு ஒரு சின்ன யோசனை. ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜெயித்தாளா தோற்றாளா என்பதோடு, எத்தனை பாயிண்ட்டில் எத்தனை எடுத்தாள் என்றும் எழுதுங்கள், கூடவே தேதி, எதிராளியின் வயது, உயரம். ஒரு வருஷம் எழுதிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். அதுவரைக்கும், தோற்றுவிட்டுக் கண்கலங்கி வருகிற பிள்ளையிடம் "இப்படித் தோக்கலாமா?" என்று கேட்காமல், "வா, டிபன் சாப்பிடலாம்" என்று சொன்னால் போதும்.