வீடு கட்டுமுன் கிணற்றைப் பாருங்கள்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் ஓர் உவமை கூறினார். தீவகத்தில் வீட்டுத் திட்டம் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் அந்த உவமை எமது நினைவுக்கு வருகிறது. இங்கே பணத்தோடு மணலையும் நன்னீரையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும்.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்களில் பெரும் பகுதியினர் ஊரைவிட்டு வெளியேறினர். திரும்பி வந்தவர்களுக்குக் கூரையற்ற சுவர்களும் பற்றை மூடிய வளவுகளுமே எஞ்சியிருந்தன. ஆகவே வீடு தேவை என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. எத்தகைய வீடு, எந்த இடத்தில், யாருடைய சம்மதத்துடன் என்பவையே கேள்விகள்.

இரும்பு வீடு தந்த பாடம்

இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தின் பிரதான கட்டம் 2012 ஒக்டோபரில் வடக்கு கிழக்கில் ஆரம்பமானது. வீடு ஒன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. பயனாளியே மேசனை அமர்த்தித் தன் வீட்டைக் கட்டினார். பணம் போதாமல் பலர் கடன்பட்டது உண்மை. ஆயினும் கட்டியவரே அவ்வீட்டின் சொந்தக்காரர். கூலியும் ஊருக்குள்ளேயே சுற்றியது.

அதன் பின்னர் 65,000 இரும்பு வீடுகளை அமைக்கும் திட்டம் வந்தது. ஆர்சலர் மித்தல் நிறுவனம் அதற்குத் தெரிவு செய்யப்பட்டது. வீடு ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனக் கூறப்பட்டது. 2016 இல் யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடு மக்களுக்குக் காட்டப்பட்டது. அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடுகள் கட்டலாமே என்று மக்கள் கேட்டனர். அத்திவாரம், வெப்பம், காற்றோட்டம், ஆயுட்காலம், பின்னர் ஓர் அறையைக் கூட்டிக் கட்டும் வசதி என்பவை பற்றிப் பொறியியலாளர்களும் பொது அமைப்புகளும் கேள்வி எழுப்பினர். எதிர்ப்பு வலுத்தது. திட்டம் முன்மொழிந்தபடி நிறைவேறவில்லை.

உப்புக் காற்று வீசும் தீவுகளுக்கு இது சிறிய விடயமல்ல. ஆணியும் கதவுப் பிணைச்சலும் துருப்பிடிப்பதை நாம் தினமும் காண்கிறோம். நெடுந்தீவுக்குச் சீமெந்தும் கம்பியும் குறிகட்டுவானிலிருந்து கடல் கடந்தே செல்ல வேண்டும். ஏற்றி இறக்கும் கூலி அதற்கு மேலதிகம். கொழும்பில் தயாரித்த ஒரே மதிப்பீடு எல்லா ஊருக்கும் பொருந்தாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரதேச சபைகளின் பதவிக்காலம் 2015 இல் முடிந்திருந்தது. அடுத்த தேர்தல் 2018 பெப்ரவரியிலேயே நடந்தது. இரும்பு வீடு பற்றிய விவாதம் நடந்த வேளையில் மக்கள் தெரிவு செய்த பிரதேச சபை இருக்கவில்லை. கேள்வி கேட்க வேண்டிய ஊர்ச்சபை இல்லாத இடத்தில்தான் அந்த வேலையைப் பொது அமைப்புகள் செய்தன.

தண்ணீரின் கணக்கு

எமது தீவுகள் சுண்ணக்கல்லாலானவை. மழைநீர் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் விதி. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் ஏறத்தாழ 40 அடி ஏறிவிடும். பட்டையால் இறைத்த கிணற்றில் மின் பம்பியைப் பூட்டினால் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

ஐம்பது வீடுகளை நெருக்கமாகக் கட்டினால் ஐம்பது மலசலகூடக் குழிகள் வரும். சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே கழிவுநீர் அயல் கிணற்றைச் சேரும். வீட்டுக்கு வேண்டிய மணலும் இங்கேயே அள்ளப்படுகிறது. மண்கும்பான், அல்லைப்பிட்டி, சாட்டிப் பகுதி மணல்தான் மழைநீரைத் தேக்கி வைக்கும் தொட்டி. சுவரெழுப்ப அதை அள்ளினால் குடிக்கும் நீர் குறையும்.

சட்டம் தரும் இடம்

கட்டட அனுமதி வழங்குவது பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும், 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் அதற்கு அடிப்படை. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் அபிவிருத்தி வேலை செய்யக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. சிறிய தீவுகளில் குடியிருப்பின் பெரும் பங்கு இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டும் திட்டம், 1993 இல் வர்த்தமானியில் வெளியான பட்டியலின்படி சுற்றாடல் அனுமதி பெற வேண்டியது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், கருத்துக் கூற மக்களுக்கு 30 வேலை நாட்கள் உண்டு. ஆனால் எமது ஊர்களுக்கு வருபவை இருபது, முப்பது வீடுகள் கொண்ட திட்டங்களே. அவற்றைப் பரிசீலிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பிரதேச சபையின் தலையிலேயே விழுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

2025 மே மாதத் தேர்தலின் பின் சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கின்றனர். திட்டம் ஒன்று வரும்போது கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் ஒன்றுகூடி இவற்றைக் கேட்கட்டும்:

காணியின் உறுதி யார் பெயரில் உள்ளது? வெளிநாட்டிலிருக்கும் உரித்தாளரின் சம்மதம் பெறப்பட்டதா? மாரி வெள்ளம் எந்த வாய்க்காலால் குளத்துக்குப் போகிறது? அந்த வழியில் வீடு வருகிறதா? கோடையில் அயல் கிணறுகளின் நீர் எப்படியிருக்கும்? மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் என்ன? மணல் எங்கிருந்து வரும்? எத்தனை பனைகள் தறிக்கப்படும்? பயனாளிகளைத் தெரிவு செய்தது யார்?

கோடைக் கிணற்றைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் பெண்களே. குடத்துடன் நிற்பவர்களுக்கே எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பது தெரியும். அவர்களுடைய சாட்சியம் வரைபடத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

கேள்வி கேட்டால் வந்த திட்டம் திரும்பிப் போய்விடும் என்ற பயம் எமது மக்களிடம் உண்டு. கொட்டிலில் மழைக்கு ஒதுங்கும் குடும்பத்திடம் பொறுத்திரு என்று சொல்வது எளிதல்ல. அதனாலேதான் பரிசீலனை விரைவாகவும் வெளிப்படையாகவும் நடைபெற வேண்டும். வரைபடத்தைச் சபை அலுவலகத்தில் தமிழில் ஒட்டுங்கள். சபைக் கூட்டத்துக்கு முன்னர் ஊரில் வாசித்து விளக்குங்கள் என்று நாம் கேட்கிறோம். மணலின் மேல் கட்டிய வீட்டைப் பற்றி வேதம் எச்சரிக்கிறது. தீவகத்தில் அந்த மணலுக்குக் கீழே எமது பிள்ளைகளின் குடிநீரும் இருக்கிறது.