புது வீடும் மறைந்த பிழைகளும்

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திருப்பதி நகரில் பெருமழை பெய்து ஓய்ந்த சில நாட்களுக்குள், ஸ்ரீகிருஷ்ணா நகரிலுள்ள ஒரு வீட்டில் விசித்திரமான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அமைத்திருந்த நிலத்தடி நீர்த் தொட்டியை, அவ்வீட்டுப் பெண்மணி சுத்தம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று தொட்டி தரையைப் பிளந்துகொண்டு மேலெழும்பி, ஆள் உயரத்தையும் கடந்து கோபுரம் போல் நின்றது. பெண்மணி உயிர் தப்பினார். ஊரார் திரண்டு வந்து பார்த்தனர். தெய்வச் செயல் என்று சிலரும், பூகம்பத்தின் அறிகுறி என்று சிலரும் கருதியிருக்கலாம். ஆனால் இதற்குக் காரணம், பள்ளி மாணவரும் அறிந்த ஆர்க்கிமிடீஸ் தத்துவமேயாகும்.

ஒரு மீட்டர் வெளிவிட்டமும், 6 மீட்டர் ஆழமும், 5 சென்டிமீட்டர் கனமான சுவரும் உடைய ஒரு தொட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது இடம்பெயர்க்கும் நீரின் எடை சுமார் 4.7 டன். தொட்டியின் சொந்த எடையோ ஏறக்குறைய 2.3 டன்தான். மழையால் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை உயர்ந்திருக்கும்போது தொட்டியை வெறுமையாக்கினால், 2 டன்னுக்கு மேற்பட்ட விசை அதை மேல் நோக்கித் தள்ளும். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பு ஒன்றே அதைத் தடுத்து நிறுத்தக்கூடியது. மண் ஊறித் தளர்ந்துவிட்டால் அந்தப் பிடிப்பும் குறைந்துபோகிறது. தொட்டியில் நீர் நிறைந்திருந்தால் உள்ளிருக்கும் நீரின் எடையே அதை இருத்திவிடும். ஆகவே, நிலம் ஊறிக் கிடக்கும் நாட்களில் நிலத்தடித் தொட்டியை இறைத்துக் காலி செய்தலாகாது.

அந்தத் தொட்டியை அமைத்தவர்மீது குறை கூறுவது நம் நோக்கமன்று. வீடு கட்டும் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ள வேண்டிய ஓர் உண்மையை இந்நிகழ்ச்சி எடுத்துக் காட்டுகிறது. கட்டடத்தின் உயிர்நாடியான பகுதிகள் யாவும் மண்ணுக்குள்ளும், கான்கிரீட்டுக்குள்ளும், பூச்சுக்குள்ளும் மறைந்துவிடுகின்றன. அவற்றில் நேர்ந்த பிழை, ஒரு பெருமழையோ சில கோடைகளோ வந்து சோதிக்கும் வரையில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இரு தொல்லைகள்

சித்தூர் மாவட்டமும், திருப்பதி மாவட்டத்தின் ஒரு பகுதியும் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை ஒரே மாவட்டத்தில் இருந்தவை. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இப்பகுதியில், ஆசிரியர்களும் சிறு உத்தியோகஸ்தர்களும் ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனையும் கூட்டி, சொந்த மனையில் ஒரு மேஸ்திரியை அமர்த்தி வீடு கட்டுவது வழக்கம். அவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, வேலையில் பிழை. மற்றொன்று, வேலையில் தாமதம்.

இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணி, வேலையை விரைவுபடுத்தினால் யாவும் சரியாகிவிடும் என்று கருதுவோர் பலர். இது தவறு. கட்டடப் பொருள்கள் தாமே கேட்கும் கால அவகாசம் ஒன்று உண்டு. அதைக் குறைக்க முயலுவதே பல பிழைகளுக்குப் பிறப்பிடம். ஆட்கள் வராமலும், பணம் வேறு வேலைக்குத் திரும்பியும் ஏற்படும் தாமதம் வேறு வகையைச் சேர்ந்தது. முன்னதை வீட்டுக்காரர் வற்புறுத்திப் பெற வேண்டும். பின்னதைத் தடுக்க வேண்டும்.

சிமெண்டு கேட்கும் அவகாசம்

சிமெண்டு காய்வதனால் இறுகுவதில்லை. நீருடன் கூடி ரசாயன மாற்றம் அடைவதனாலேயே இறுகுகிறது. கலவையில் சேரும் நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே கான்கிரீட்டின் வலிமையை நிர்ணயிக்கிறது என்பதை, அமெரிக்க நிபுணர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீர் மிகுந்தால் கலவை எளிதில் ஓடும். ஆனால் மிகுதியான நீர் வெளியேறிய இடத்தில் நுண்துளைகள் எஞ்சி வலிமை குறையும். வீடுகளுக்குப் பொதுவாக உபயோகிக்கும் எம்-20 தரக் கலவைக்கு, ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர் நீரே அளவு என்று இந்திய நியமம் 456 கூறுகிறது. வேலை சுலபமாக இருக்கட்டும் என்று தளம் போடும்போது ஒரு வாளி நீரைக் கூட்டுவதே நம் ஊர்களில் மிகச் சாதாரணமாக நிகழும் பிழையாகும்.

அடுத்தது நீராற்றுதல். 1953-இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட இந்நியமத்தின் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சாதாரண சிமெண்டுக் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், கடைகளில் பெரிதும் விற்கப்படும் போசலானா சிமெண்டால் ஆனதை 10 நாட்களும் இடைவிடாமல் ஈரமாக வைக்க வேண்டும். வெப்பம் மிகுந்த வறண்ட காலத்தில் எந்தச் சிமெண்டானாலும் 10 நாட்களுக்குக் குறையலாகாது. போசலானா சிமெண்டானால் 14 நாட்கள் வரை நீட்டிப்பது நலம். கோடையில் 40 டிகிரி செல்ஸியஸைத் தாண்டும் திருப்பதி வெயிலில், காலையில் ஒரு முறை தெளித்த நீர் நண்பகலுக்குள் ஆவியாகிவிடும். தளத்தின்மீது மண் வரப்பு கட்டி நீரைத் தேக்குவதும், தூண்களுக்கு ஈரச் சாக்கைச் சுற்றுவதும் சிறந்த முறைகள்.

முட்டுகளை அகற்றுவதிலும் அவசரம் ஆகாது. 4.5 மீட்டருக்கு மேற்படாத அகலமுள்ள தளத்துக்கு 7 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாட்களும் முட்டுகள் நிற்க வேண்டும். உத்திரங்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாட்களும், அதற்கு மேல் 21 நாட்களும் தேவை. போசலானா சிமெண்டானால் இவற்றையும் நீட்டிக்க வேண்டும். முட்டுக் கழிகளுக்கு நாள் வாடகை கொடுப்பவர் மேஸ்திரி என்பதை மறத்தலாகாது. அவருக்கு அவசரம் ஏற்படுவது இயல்பே. அந்த வாடகையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் அவசரத்துக்கு இடமில்லை.

மூடுவதற்கு முன் பார்த்தல்

எந்தப் பகுதியையும் வீட்டுக்காரரோ அவர் நியமித்த பொறியாளரோ பார்ப்பதற்கு முன் மூடக் கூடாது என்ற ஒரே விதியை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால், பாதித் தொல்லை நீங்கும். கீழ்க்கண்ட சோதனைகளுக்குப் பெரிய கருவிகள் எவையும் வேண்டியதில்லை.

மணல்: அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழலில் பாதி அளவுக்கு மணலும், அதற்கு மேல் உப்பு நீரும் இட்டு நன்கு குலுக்கி, 3 மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மணலின்மேல் படியும் வண்டல், மணலின் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டால் அந்த மணலைக் கழுவாமல் உபயோகிக்கலாகாது. ஆற்று மணலுக்குப் பதிலாகக் கல்லை அரைத்துச் செய்யும் மணலுக்கும் இது ஏற்றதே. கல்லுடைக்கும் ஆலையில் எஞ்சும் தூளை மணல் என்று விற்பாராயின், இச்சோதனை அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

செங்கல்: உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவிட்டு, மீண்டும் எடை போடுக. சாதாரணக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சலாகாது.

கம்பி: தளம் போடும் நாளுக்கு முந்திய மாலையே கம்பிகளைப் படத்துடன் ஒப்பிட்டு எண்ண வேண்டும். கம்பிக்கு வெளியே தளத்தில் 20 மில்லிமீட்டரும், தூணில் 40 மில்லிமீட்டரும் கான்கிரீட்டு நிற்க வேண்டும். கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால் சில ஆண்டுகளில் துருவேறித் தளத்தைப் பெயர்த்துவிடும். சிறு சிமெண்டுக் கட்டைகளை அடியில் வைத்தால் இக்குறை வராது.

சுவர்: 3 மீட்டர் உயரச் சுவரில் தூக்குக்குண்டிலிருந்து விலகல் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது. பூச்சுப் பூசுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். கோணலைக் கனமான பூச்சினால் மறைப்பது எளிது.

கான்கிரீட்டு: தளம் போடும்போதே 150 மில்லிமீட்டர் கன அச்சுகளில் மாதிரி எடுத்து, 28-ஆம் நாள் பரிசோதனைச் சாலையில் நசுக்கிப் பார்க்கலாம். எம்-20 தரமாயின் ஒரு கட்டி சுமார் 46 டன் சுமையைத் தாங்க வேண்டும். 100 சதுர மீட்டர் தளத்துக்கு 6 கட்டிகள் போதுமானவை.

பிழை கண்டபின்

பிழையைக் கண்டவுடன் சினங்கொண்டு வேலையை நிறுத்துவதும், நாளை பார்க்கலாம் என்று விட்டுவிடுவதும் சமமான தவறுகளே. முதலில், அது எத்தகைய பிழை என்பதைத் தெளிய வேண்டும். பலகையை அகற்றியபின் தேன்கூடு போன்ற ஓட்டைகள் தெரிந்தால், தளர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்து, நீர் விட்டு, புதுக் கலவையால் அடைக்க வேண்டும். கம்பி வெளியே தெரியுமாயின் பொறியாளரைக் கேளாமல் தொடலாகாது. மேலே பூச்சைத் தடவி மறைப்பது பழுதுபார்ப்பதாகாது.

சுவரில் வெடிப்புக் கண்டால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு புறமும் சிமெண்டால் ஒட்டி, அன்றைய தேதியை அருகில் எழுதி வைக்க வேண்டும். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகருகிறது என்று பொருள். காரணத்தைக் கடைக்காலில் தேட வேண்டும். உடையாவிட்டால் வெடிப்பை அடைத்துவிடலாம். இறுகிய கான்கிரீட்டின் தரத்தில் ஐயம் எழுந்தால், ஸ்விட்ஸர்லாந்து பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் கண்டுபிடித்த சுத்தியலால் தட்டி, அது பின்னடையும் அளவைக் கொண்டு மேற்பரப்பின் கடினத்தை மதிப்பிடலாம். இது உத்தேசமான மதிப்பே, முடிவான தீர்ப்பன்று.

தாமதத்துக்குக் கணக்கு

2019-ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தில் மணல் தட்டுப்பாட்டினால் வேலைகள் முடங்கின. 2020-இல் ஊரடங்கினால் மீண்டும் முடங்கின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கடைக்கால் குழிகளை நிரப்பிவிடும். இவற்றுக்கு மேஸ்திரி பொறுப்பாளியல்லர். ஆனால் ஒரே சமயத்தில் நான்கு வேலைகளை ஒப்புக்கொண்டு, ஒன்றின் முன்பணத்தால் மற்றொன்றை நடத்தினால் அதற்கு அவரே பொறுப்பாளி. இவ்விரண்டையும் பிரித்தறிய, வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாட்குறிப்பு இருக்க வேண்டும். எத்தனை ஆட்கள் வந்தனர், எத்தனை மூட்டை செலவாயிற்று, மழை பெய்ததா என்பனவற்றை அன்றன்றே எழுதி இருவரும் கையொப்பமிடுவது நலம்.

பணத்தை நாட்கணக்கில் கொடாமல் வேலைக் கணக்கில் கொடுக்க வேண்டும். கடைக்கால், சுவர், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, பார்வையிட்ட பிறகே அதற்குரிய தொகை. அரசாங்க வேலைகளில் ஒப்பந்தக்காரரின் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறித்த காலம் கழிந்தபின் வழங்குவதைக் களப்பணியாளர்கள் அறிவர். அதைப் போலவே, சிறு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைப்பது நியாயமே. ஆனால் சேர வேண்டிய தொகையை உரிய நாளில் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரரின் தாமதமும் தாமதமே.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் பலர் அறியார். காலம் முக்கியமான ஒப்பந்தத்தில், குறித்த நாள் கடந்து முடித்த வேலையை ஏற்றுக்கொள்பவர், நஷ்ட ஈடு கோரும் தம் எண்ணத்தை ஏற்கும்போதே அறிவிக்காவிட்டால், பின்னர் அதைக் கோர இயலாது. ஆகவே, குறித்த நாள் தவறியவுடன் மரியாதையாக ஒரு கடிதம் எழுதித் தபாலில் அனுப்புவது அவசியம். வீடு கட்டித் தருதலும் ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தமையால், நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் நாட வேண்டும். அடுக்கு மாடித் திட்டங்களில் வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. அச்சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட திட்டமாயின், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் அதை 30 நாட்களுக்குள் தம் செலவில் திருத்தித் தர வேண்டும். சொந்த மனையில் தாமே ஆள் வைத்துக் கட்டுவோருக்கு அச்சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு ஒப்பந்தத் தாளும் நாட்குறிப்புமே துணை.

இவற்றைப் பிறருக்கு எடுத்துச் சொல்ல ஆசிரியர்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மணற் சோதனையை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். திருப்பதித் தொட்டியின் கதையையும் காட்டலாம். ஒரு வாளி மணலில் வெறுந் தகரக் குவளையை விளிம்பு வரை புதைத்து, மணல் முழுதும் ஊறும் வரை நீர் ஊற்றி, வாளியை மெல்லத் தட்டினால் குவளை மேலெழும்பும். நீர் நிறைத்த குவளையோ இருந்த இடத்திலேயே இருக்கும். இதைக் கண்ட மாணவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் சொல், அடுத்த மழைக்காலத்தில் ஒரு குடும்பத்தைக் காத்தாலும் காக்கும்.